சாயமில்லாத நீலம்

பள்ளி நாள்களில் மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடும் என்று காத்திருந்தவர்களில் நாமும் ஒருவர். பென்சில் சீவல்தான் அதற்கு இரை என்று வகுப்பில் ஒரு கட்சி. அரிசி என்று எதிர்க்கட்சி. இரண்டையும் வைத்துப் பார்த்தோம். குட்டி பிறக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில் பொறுமை தீர்ந்துபோய், இறகின் கண்ணை மட்டும் கத்தரித்து, அம்மியில் வைத்து, இரண்டு சொட்டு நீர் விட்டு அரைத்தோம். அந்த நீலத்தை மையாக்கிப் பேனாவில் ஊற்றி எழுதுவதாகத் திட்டம். கிடைத்ததோ காய்ந்த சாணத்தின் நிறத்தில் ஒரு விழுது. குழம்புக்கு அரைக்கும் அம்மியில் இறகை அரைத்ததற்காக வாங்கிய அடி தனிக்கதை. அடிக்குப் பிறகு, அழுகையினூடே, நீலம் எங்கே போயிற்று என்று அம்மாவிடம் கேட்டது நினைவிருக்கிறது. "அது சாமி குடுத்த நிறம். அரைச்சா போயிடும்" என்றார்.

அந்தக் கேள்வியை மறந்தே போனோம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அது திரும்பி வந்தது ஒரு புடவையின் வழியாக.

அப்பாவின் மணிவிழாவுக்கு அம்மா கட்டிய பட்டு அது. திருபுவனத்தில் நெய்தது. மயில்கழுத்து நிறம். பாவு நீலம், ஊடை பச்சை. மடிப்பு அசைந்தால் நீலம் பச்சைக்குள் போகும், பச்சை நீலத்துக்குள் போகும். அப்பா மறைந்த பிறகு அம்மா அதைக் கட்டவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை பீரோவிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைப்பார். அப்படி ஒருமுறை எடுத்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது. "இது என்ன இப்படிச் சாயம் போயிருக்கு? பாசி புடிச்ச மாதிரி இருக்கே."

நாம் பார்த்தோம். புடவை புடவையாகவே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்றோம். அம்மா ஒப்பவில்லை. சலவைக்குப் போட்டீர்களா, வெயிலில் காயவைத்தீர்களா, கடைக்காரன்தான் அன்றைக்கே ஏமாற்றிவிட்டானா என்று விசாரணை நீண்டது. மருமகளிடம் கேட்டார், பேத்தியிடம் கேட்டார். அடுத்த ஆண்டும் இதே பேச்சு. எரிச்சலில் நாம் சொன்னோம்: "புடவைக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் கண்ணு சரியில்லம்மா."

சொன்னது முழு உண்மை. ஆனால் அதை வசையாகச் சொன்னோமே தவிர, ஒரு செய்தியாக நாமே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அந்த மாதமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்போம். அம்மா அதற்குப் பிறகு புடவையைப் பற்றிப் பேசவில்லை. பழைய சரிகைப் புடவை வாங்க வருகிறவர்கள் எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை வருவார்கள். நாம் கல்லூரியில் இருந்த ஒரு பகலில் அம்மா அதை அவர்களிடம் போட்டுவிட்டார். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் பேத்திக்கு வெள்ளிக் கொலுசு. பட்டை எரித்து, சாம்பலிலிருந்து சரிகையின் வெள்ளியைப் பிரிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். எனவே புடவையைத் தேடிப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கண்புரை என்று தெரிந்தது அதற்கும் ஓராண்டு கழித்து, மாடிப்படியில் கால் தவறிய பிறகு. வலது கண்ணுக்கு முதலில் அறுவை. சர்க்கரை கட்டுக்குள் வராததால் இடது கண் சில மாதங்களுக்குத் தள்ளிப்போயிற்று. மறுநாள் கட்டைப் பிரித்தபோது அம்மா முதலில் பார்த்தது அறையின் திரைச்சீலையை. "இது நீலமா?" என்று கேட்டார். நீலம்தான் என்றோம். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். பிறகு மாற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவில், "அப்போ அந்தப் புடவை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

*

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது வேதியியல் துறை நண்பர் ஒருவர் (நம்மைவிடப் பத்து வயது இளையவர், தமிழ்த்துறைக்காரர்கள் எல்லாரும் அவருக்கு 'ஐயா') ஒரு வாக்கியத்தில் விளக்கினார். "புடவையில சாயம் போகலை ஐயா. அம்மா கண்ணுல சாயம் ஏறியிருந்தது."

விழிவில்லையின் நடுப்பகுதிப் புரதங்கள் நாம் பிறக்கும் முன்பே உண்டானவை. தோலைப் போலப் புதுப்பிக்கப்படாதவை. வயதாக ஆக அவை மஞ்சளித்துப் பழுப்பேறுகின்றன. பழுப்பு நீலத்தை விழுங்கிவிடும். ஓவியர் மோனே 1923இல் கண்புரை அறுவை செய்துகொண்டவர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் வரைந்த தோட்டங்கள் செம்பழுப்பில் தோய்ந்திருப்பதற்கு இதைத்தான் காரணம் காட்டுகிறார்கள். மெல்ல ஏறுவதால் ஏறுவதே தெரியாது. இரண்டு கண்ணும் ஒன்றாக மஞ்சளிக்கும்போது ஒப்பிட ஏதும் இல்லை. உலகம்தான் சாயம் போனதாகத் தோன்றும்.

அந்தப் பேச்சின் நடுவே நாம் இலக்கணத்துக்குள் போனோம், பழக்கதோஷம். ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரிப்பார்கள். பொருளை விட்டுப் பிரியாதது தற்கிழமை. பிரித்தெடுக்கக் கூடியது பிறிதின்கிழமை. பண்பு தற்கிழமையில் சேரும். 'மயிலின் கழுத்து' தற்கிழமை, 'மயிலின் நீலம்' அதுவும் தற்கிழமை என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறோம். நண்பர் சிரித்தார். "மயில்ல நீலமே இல்லையே ஐயா. அப்போ எந்தக் கிழமை?"

அம்மி நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

மயிலிறகில் நீலச் சாயம் இல்லை என்பது புதிய செய்தியன்று. இராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா'வில் மயிலிறகை உருப்பெருக்கியில் பார்த்து எழுதியிருக்கிறார். நீரில் நனைத்தால் அந்த வண்ணங்கள் மறைவதையும் குறித்திருக்கிறார். சாயமாக இருந்தால் நனைந்தால் மறையாதே. நியூட்டனும் 1704இன் 'ஆப்டிக்ஸ்' நூலில் மயில்தோகையை எடுத்துக்கொண்டு, மெல்லிய படலங்களில் பிறக்கும் வண்ணத்தோடு அதைச் சேர்க்கிறார். நம்மூர்க்காரர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு: திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1934இல் பறவை இறகுகளின் வண்ணம் பற்றி எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது பனங்காடை. சிப்பி, ஓபல் என்று மின்னுவதையெல்லாம் தேடிச் சேர்த்தவர் அவர். 2003இல் ஷாங்காய் ஃபூதான் பல்கலைக்கழகத்தார் மயிலிறகின் நுண்ணிழைகளை அளந்து காட்டினார்கள். உள்ளே மெலனின் குச்சிகள், நம் தலைமுடியின் கருமைக்குக் காரணமான அதே பொருள், வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கின் இடைவெளி 140 நானோமீட்டர் அளவில் இருந்தால் நீலம்; 150 ஆனால் பச்சை; 165ஐ நெருங்கினால் மஞ்சள். பத்து நானோமீட்டர் என்பது ஒரு தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அம்மியில் நாம் அழித்தது அந்த அடுக்கை. மிஞ்சியது மெலனின். சாணி நிறம் அதனுடையது.

சங்கப் புலவர்கள் மயிலுக்கு நீலமணியை உவமை சொல்வார்கள். அழகான உவமை, ஆனால் மணியின் நீலம் அதிலுள்ள தனிமங்களின் வேலை, மயிலின் நீலம் இடைவெளிகளின் வேலை. மயில்கழுத்துப் புடவையோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இழைக்குச் சாயம் உண்டு. நிறம் மாறுவதோ பாவும் ஊடையும் குறுக்கிடும் முறையால். திருபுவனத்து நெசவாளர் ஒளியியல் படித்தவரல்லர், ஆனால் நிறத்தை அடுக்கினால் உண்டாக்க முடியும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

இந்த அடுக்கை மனிதன் தன் கையால் போட முடியுமா? அதுவும் மயில் பயன்படுத்துவது போன்ற பொருள்களை, உயிர்கள் ஆக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்களை வைத்து? நண்பர் கொடுத்த கட்டுரைகளை இரண்டு மாதம் படித்தோம். புரிந்தவரை சொல்கிறோம்.

முதலில் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்று தோன்றுகிறது, அதுவும் மயிலை நினைக்காமல். காப்ரியேல் லிப்மான் 1891இல் பாரீஸில் வண்ண ஒளிப்படம் ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு துளி சாயம் இல்லை. கண்ணாடித் தகட்டில் வெள்ளி உப்பு கலந்த பசை. பின்னால் கண்ணாடி போலப் பாதரசம். உள்ளே போகும் ஒளியும் பாதரசத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் மோதி அசையாத அலைகளாக நிற்கும். அலை உச்சிகளில் மட்டும் வெள்ளி படியும். அரை அலைநீளத்துக்கு ஒரு படலம் என்று நூற்றுக்கணக்கில் அடுக்கு. கழுவி எடுத்த பிறகு அந்த அடுக்கு எந்த நிறத்தால் உண்டானதோ அதே நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். 1908இல் இதற்கு நோபல் பரிசு. அந்தப் பசை விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், ஓர் இயற்கைப் பாலிமர். லிப்மானின் தகட்டின்மேல் வாயால் ஊதினால் ஈரத்தில் ஜெலட்டின் உப்பி, இடைவெளி விரிந்து, படம் முழுவதும் சிவப்பை நோக்கி நகரும், காய்ந்ததும் திரும்பும். ஒளியூட்டும் நேரம் மிக நீண்டது, படி எடுக்கவும் முடியாது. வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் மூச்சுப் பட்டால் வெட்கப்படும் ஒளிப்படம் என்று ஒன்று இருந்ததை நினைத்தால் இன்றைய படங்களின்மேல் சற்று மதிப்புக் குறைகிறது.

செல்லுலோஸின் கதை வேறு. மரம், பருத்தி, வைக்கோல், நாம் எழுதும் தாள் எல்லாவற்றின் உடலும் அது. ஸ்வீடனில் பெங்க்ட் ரோன்பி 1949 அளவில் அதைக் கந்தக அமிலத்தில் கரைத்துப் பார்த்தபோது, தளர்ந்த பகுதிகள் கரைந்துபோய், கரையாத நுண்குச்சிகள் நீரில் மிதந்தன. நீளம் நூறு, இருநூறு நானோமீட்டர். பருமன் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1992இல் கனடாவில் டெரிக் கிரே முதலியோர் கண்டது இன்னும் விசித்திரமானது. அந்தக் குச்சிகள் செறிவு கூடும்போது தாமாகவே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடச் சற்றே திரும்பி நிற்கிறது. அடுக்கடுக்காகத் திரும்பிக்கொண்டே போவதால் ஒரு சுழற்படி உண்டாகிறது. நீர் உலரும்போது அந்தப் படி இறுகிக் குறுகும். ஒரு முழுச்சுற்றின் உயரம் 300 நானோமீட்டரை ஒட்டி நின்றால் நீலம், 350 என்றால் பச்சை, 420 என்றால் சிவப்பு. யாரும் அடுக்கவில்லை; உலர்வதற்கு விட்டால் போதும். வெண்மையான தாளின் உடலிலிருந்து வானவில்.

இதே சுழற்படி வண்டுகளின் ஓட்டிலும் உண்டு, அங்கே கைட்டின் என்ற பாலிமரில். சிலவகை வண்டுகளின் பொன்மினுக்கத்தை 1911இல் ஆராய்ந்த மைக்கல்சன், திரும்பி வரும் ஒளி ஒரு பக்கமாகவே முறுக்கிக்கொண்டு வருவதைக் கண்டார். நாம் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்த பொன்வண்டு அந்த முறுக்கு வகையன்று, அதன் ஓட்டில் இருப்பது எளிய படல அடுக்கு. செத்துப்போன பின்னும் பச்சை மங்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். சாயம் வெயிலில் சிதையும், இடைவெளி சிதையாது.

தாவரத்திலும் உண்டு. ஆப்பிரிக்கக் காடுகளில் 'பொலியா கொண்டன்சாட்டா' என்று ஒரு செடி. அதன் சிறு பழம் உலோகம் போன்ற நீலம். சேம்பிரிட்ஜில் சில்வியா விஞ்ஞோலினி குழுவினர் 2012இல் அதை ஆராய்ந்து, உயிர்ப்பொருள்களில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகச் செறிவான நிறம் என்று எழுதினார்கள். 1974இல் கானாவில் பறித்த பழம் அப்படியே மின்னுகிறது. ஒவ்வொரு செல்லிலும் தனித்தனிச் சுழற்படி, சில வலமாக, சில இடமாக. பெரும்பாலானவை நீலம், ஊடே சில பச்சை, சில ஊதா. புள்ளி புள்ளியாக வைத்த ஓவியம்போல. பழத்தில் சதை இல்லை, பறவைக்குச் சத்தும் இல்லை. வேறொரு நல்ல பழம் என்று நம்பிப் பறவை கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். ஏமாற்றுவதற்காக இவ்வளவு உழைப்பு.

அதே குழு பிறகு செல்லுலோஸ் குச்சிகளை நீண்ட சுருள்தாளின்மேல் படலமாக ஓடவிட்டு உலர்த்தி, பொடித்து, பிளாஸ்டிக் இல்லாத ஜிகினா செய்து காட்டியது. அது 2021இல். 2023 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் பிளாஸ்டிக் உதிரி ஜிகினாவைத் தடை செய்ததால் அந்தச் செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. இழுத்த இழுப்பில் 'சாயப்பட்டறைகளுக்கு முடிவு' என்றெல்லாம் எழுதினார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஜிகினா வேறு, துணி வேறு. உலர்ந்த செல்லுலோஸ் படலம் முறுகலானது, மடித்தால் உடையும். துவைக்கும் துணிக்கு இது இன்னும் நெடுந்தூரம். அதோடு, குச்சிகளைப் பிரிக்க அடர்ந்த கந்தக அமிலம் வேண்டும் என்பதையும் பலர் சொல்வதில்லை. 'இயற்கை' என்ற சொல் வந்தவுடன் நம் எழுத்தாளர்களுக்குக் கண்புரை ஏறிவிடுகிறது.

அச்சிடுவதில் இருக்கும் தொல்லை சுவையானது. மைப்பீச்சு அச்சுப்பொறி போலத் துளித்துளியாகத் தெளித்தால் துளியின் ஓரம் முதலில் உலரும், உள்ளிருக்கும் குச்சிகள் ஓரத்துக்கு ஓடும், நடு வெறிச்சோடும். மேசையில் சிந்திய காபி உலர்ந்தால் விளிம்பில் மட்டும் கருவளையம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அப்படி என்பதை 1997இல்தான் சிகாகோவில் தீர விளக்கினார்கள், அதுவரை உலகம் காபி குடித்துக்கொண்டுதான் இருந்தது. குச்சிகள் வரிசையில் நிற்க நிதானம் வேண்டும். எனவே துளிகளை எண்ணெய்க்கு அடியில் வைத்து, நீர் மெல்ல மெல்ல வெளியேறும்படி செய்கிறார்கள். அவசரப்பட்டால் வெண்மை, பொறுத்தால் நிறம். பார்சிலோனாவில் இன்னொரு குழு 2018இல் நேர் எதிர்வழியில் போனது: நுண்ணிய அச்சுக்கட்டையைச் செல்லுலோஸ் வகை ஒன்றின்மேல் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளமேடுகளாலேயே நிறம் பெற்றது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் பட்டைக் கரைத்து, ஓபல் கல்லின் துளையமைப்பில் வார்த்து, நீராவி பட்ட இடம் சுருங்கி நிறம் மாறுவதைக் கொண்டு வடிவங்கள் வரைந்தார்கள். பட்டு! அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டோம்.

*

நண்பர் செய்து காட்டியது இவற்றில் எளியதை. ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் என்று ஒரு வெள்ளைத் தூள். மாத்திரை உதிராமல் பிடித்து நிற்க அதைச் சேர்ப்பார்கள், உணவிலும் சேர்ப்பதுண்டு. (முழு இயற்கை என்று சொல்ல முடியாது. செல்லுலோஸோடு சேர்க்கும் புரோப்பிலீன் ஆக்சைடு பெட்ரோலியத்திலிருந்து வருவது.) இந்தியாவில் கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் கூழ்களில் ஒன்று இதன் தம்பி முறை. அதை அறிந்ததும் அந்தத் தூளோடு உறவு ஏற்பட்டுவிட்டது. நீரில் இது நிறம் காட்டும் என்பதை 1976இல் எழுதியவர்களுள் மேலே சொன்ன கிரேயும் ஒருவர்.

செய்முறை சமையலைப் போன்றது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. நூறு கிராம் கூழில் 60 கிராம் தூள் என்றால் சிவப்பை ஒட்டி வரும். 70ஐ நெருங்கினால் நீலம். இவ்வளவு தூளை இவ்வளவு குறைந்த நீரில் கலப்பது கேழ்வரகுக் களியை விறகடுப்பில் கிண்டுவதற்குச் சமம். முதல் நாள் கட்டி கட்டியாக நின்றது. மூன்றாம் நாள் நுரை. மாணவர்கள் சுழற்றுபொறியில் வைத்துக் குமிழிகளை விரட்டினார்கள். ஐந்தாம் நாள் மாலை நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, வந்து பாருங்க."

ஊசியில்லாத சிரிஞ்சில் கூழை அடைத்து, கண்ணாடித் துண்டின்மேல் பிதுக்கி எழுதச் சொன்னார்கள். தமிழாசிரியன் என்ன எழுதுவான்? 'அ' எழுதினோம். வந்தது வெறும் சளி போன்ற கோடு. ஏமாற்றத்தை முகத்தில் காட்டாமல் நின்றோம். "பொறுங்க ஐயா. பிதுக்கும்போது மூலக்கூறெல்லாம் ஒரே பக்கமா இழுபட்டுப் போச்சு. திரும்பவும் சுழன்று நிக்கணும்" என்றாள் ஒரு மாணவி. கறுப்பு அட்டையை அடியில் வைத்தாள். சில நிமிடங்கள் சென்றன. எழுத்தின் தொடக்கச் சுழியில், நாம் முதலில் எழுதிய இடத்தில், பச்சை எழுந்தது. பிறகு அது எழுதிய வரிசையிலேயே எழுத்தின் உடல் முழுதும் பரவிற்று. தலையைச் சாய்த்துப் பார்த்தால் நீலம். அட்டையை எடுத்துவிட்டால் நிறம் வெளிறிப் பாலாகிவிட்டது. மயிலுக்கும் இதுவே. அந்த மெலனின் கருமை மற்ற ஒளியை விழுங்குவதால்தான் நீலம் எழுந்து நிற்கிறது.

முப்பரிமாணத் திரைப்படத்துக்குத் தரும் கண்ணாடி ஒன்றை மாணவர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். ஒரு கண் வழியாகப் பார்த்தால் 'அ' இருக்கிறது. மறு கண் வழியாகப் பார்த்தால் எழுத்தே இல்லை, வெறும் கறுப்பு. முறுக்கிவரும் ஒளியை ஒரு வில்லை விடும், மற்றது மறிக்கும். மைக்கல்சன் வண்டில் கண்டது. நாம் அந்தக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாணவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. மருத்துவமனைத் திரைச்சீலையின் முன் நின்ற அம்மாவை அவர்கள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை 'அ' இல்லை. உலர்ந்துபோயிருந்தது. நீர் குறையக் குறையச் சுழற்படி இறுகி, பச்சை நீலமாகி, நீலம் ஊதாவாகி, ஊதாவுக்கு அப்பால் கண் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. நிறமற்ற தோல் ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கூழை வைத்து அச்சிட முயல்கிறவர்கள் எல்லாரும் மல்லாடுவது இதோடுதான். உலர்ந்த பின்னும் நிறம் நிற்க வேண்டும். அதற்கு மூலக்கூறுகளை முன்னதாகவே ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும், அல்லது நீர் போகாமல் மூடிவைக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் பிணைக்க வசதியில்லை. மூட வசதி இருந்தது. பாடம் நடத்த ஒரு காலத்தில் பயன்பட்ட ஓஎச்பி தாள்கள் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இரண்டு தாள்களுக்கு நடுவே புதிதாக ஒரு 'அ' எழுதி, ஓரங்களை ஒட்டி, அடியில் கறுப்புத் தாள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அம்மா வாசல் திண்ணையில் இருந்தார். விளக்கம் எதுவும் சொல்லாமல் கையில் கொடுத்தோம். வலது கண்ணால் பார்த்தார். "பச்சை." இடது கண்ணால் பார்த்தார். "இதுல கலங்கலா இருக்கு." வெளிச்சத்தில் சாய்த்தார். பிறகு, குழந்தைகள் செய்வதுபோல, எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அழுத்திய இடத்தில் அடுக்கு நெருங்கும் என்று நண்பர் சொல்லியிருந்தார், நாம் அம்மாவிடம் சொல்லவில்லை. விரலை எடுத்தபோது அங்கே நீலம் இருந்தது. சுற்றிலும் பச்சை, நடுவில் நீலம். மெல்ல மெல்ல அது பச்சைக்குள் கரைந்தது.

அம்மா மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறை அழுத்திவிட்டு, தாளிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்: "இப்படித்தானே இருந்தது?"

இப்படித்தான் இருந்தது என்றோம். கண்ணைப் பற்றி முன்னாளில் சொன்ன சொல்லுக்காக ஏதேனும் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர், "அரைச்சுப் பாத்தியே ஒரு நாளு, அம்மியில" என்றார். நமக்கே மறந்திருந்த அந்த அடி அவருக்கு நினைவிருந்தது.

இடது கண் அறுவையும் முடிந்துவிட்டது. முதல் தாள் ஓரங்களில் காற்றுப் புகுந்து, வெளியிலிருந்து உள்ளாக நீலமாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. நண்பர் இன்னொன்று செய்து தந்தார். அது மே மாதத்தில் முதலில் சிவந்தது. மொட்டை மாடி அறையில் வைத்திருந்த ஒரு பிற்பகலில் பால்போல வெளுத்தே போனது. நாற்பது பாகைக்கு மேல் இந்தப் பொருள் நீரோடு சேராது. மாலையில் வெயில் தணிந்ததும் நிறம் திரும்பிவிட்டது. என்றாலும் அம்மா அதை நம்பவில்லை. இப்போது குளிர்பதனப் பெட்டியில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். குளிரில் அது நீலத்தை நோக்கி நகரும். காலையில் பாலை எடுக்கும்போது அதையும் எடுத்து ஒருமுறை பார்க்கிறார், பச்சையாவதற்குள் மீண்டும் உள்ளே வைத்துவிடுகிறார்.